மஞ்சள் சிவக்காத கல்

பம்பு என்றால் சொட்டத்தான் செய்யும். இதைச் சொன்னது வழியில் போகிற யாரோ அல்ல. செங்கம்மாவின் புருஷன் கோவர்த்தனனே பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நகரியில் ஆற்றங்கரையை ஒட்டி நாராயணசாமி முதலாளி நடத்திவந்த நூல் வெளுக்கும் கொட்டகையில் பம்புகளைப் பழுதுபார்க்கிற பிட்டர் அவன்தான். அங்கே ஐந்து பம்புகள் இருந்தன. தோலை அரிக்கிற காஸ்டிக் சோடாவைக் கரைத்த தண்ணீரைத் தரைத்தொட்டியிலிருந்து இழுத்து, நூல் சிப்பங்கள் வேகிற கொப்பரைகளில் ஊற்றிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. ஒவ்வொரு பம்பிலும் இரும்புச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு தண்டு உள்ளே போகும். தண்டு சுற்றவும் வேண்டும், காஸ்டிக் வெளியே வராமலும் இருக்க வேண்டும். அதற்காகத் தண்டைச் சுற்றிக் கிராபைட் தடவிய கயிற்றைத் திணித்து, மேலே ஒரு மூடி போட்டு இரண்டு நட்டால் இறுக்குவார்கள். அந்த மூடிக்குக் கிளாண்டு என்று பேர். அதிகம் இறுக்கினால் கயிறு கருகும், தண்டு தேயும். ஆகவே கொஞ்சம் தளர்த்தி, நிமிஷத்துக்கு இருபது சொட்டு விழுகிற மாதிரி விடுவதுதான் தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம்.

அந்த இருபது சொட்டும் விழுந்து ஓடுகிற இடத்தில் செங்கம்மாவையும் சேர்த்துப் பதினொரு பெண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். அதைப் பற்றித் தொழில் தெரிந்தவர்கள் பேசுவதில்லை.

வெறுங்கால் ஏன் என்றால், அந்தக் கொட்டகையில் செருப்புக்கு இடமில்லை. அங்கே வெளுத்த நூலில் நெய்த வேட்டிகள் திருப்பதிக் கடைகளுக்குப் போயின. பெருமாளைப் பார்க்க மலையேறுகிறவர்கள் புதுசாக வாங்கிக் கட்டுகிற வேட்டி. அதனால் அந்த நூல் கிடக்கிற இடத்தில் செருப்புக் கால் படக் கூடாது என்று முதலாளியின் தகப்பனார் காலத்திலேயே ஏற்பாடு. முதலாளியும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கழற்றியதும் அவர் நேராக ஏறிப்போவது ஓரத்தில் இருந்த இடுப்புயர மேடைக்கு. மேடை மழைக்காலத்திலும் காய்ந்தே இருக்கும். பக்தி எல்லோருக்கும் ஒன்றுதான். ஈரம் மட்டும் கீழே நிற்கிறவர்களுக்கு.

பெண்கள் வீட்டுக்குப் போனதும் புளித்தண்ணீரில் காலைக் கழுவி விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைகளில் காலுக்கு மஞ்சள் பூசுவதை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். காஸ்டிக் பட்டால் மஞ்சள் சிவந்துபோகும். பூசிய காலோடு கொட்டகைக்குள் நுழைந்தால் பத்து நிமிஷத்தில் ஆரத்தித் தண்ணீரில் முக்கிய மாதிரி ஆகிவிடும். ஆசையாகப் பூசி அசிங்கமாகத் திரும்புவானேன் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வருஷம் ஊர் முழுக்க எல்லைப் பேச்சு. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, நகரி ஆந்திராவிலேயே நிற்கிறது, வருகிற ஏப்ரலில் கைமாற்றம் என்று டீக்கடையில் படம் போட்டே காட்டினார்கள். ஜீப்பில் அதிகாரிகள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஐப்பசியில் ஒரு நாள் அவர்களில் நாலு பேர் கொட்டகையைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி கோவர்த்தனனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு தரையில ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. கிளாண்ட அல்லாத்தையும் இறுக்கிடு."

"தாங்காதுங்க. கயிறு கருகிடும்."

"ஒரு நாளுதானே. இறுக்கு, அப்பறம் தளத்திக்கலாம்."

இறுக்கினான். பதினாறு வருஷம் செய்யாத காரியத்தை, வேண்டாமென்று தெரிந்தே செய்தான். அதிகாரிகள் வந்தார்கள், தரை காய்ந்திருப்பதைப் பார்த்தார்கள், மோர் குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் தளர்த்தலாம் என்று கோவர்த்தனன் திருகுசாவியோடு வந்தபோது மூன்றாம் பம்பிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் ஓடிவருவதற்குள் கருகிய கயிறு பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த கொதிக்கிற காஸ்டிக் தாரையாகப் பீச்சி, பக்கத்தில் சிப்பம் தூக்கிக்கொண்டிருந்தவளின் வலது காலில் அடித்தது. அவள் செல்லியம்மா, கோவர்த்தனனின் கூடப்பிறந்த தங்கச்சி. இருபது வயசு.

சித்தூர் ஆஸ்பத்திரியில் முப்பது நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு விரல் இல்லை. மீதி மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கோவர்த்தனன் அந்தக் காலைப் பார்க்காமல் வீட்டுக்குள் நடக்கப் பழகிக்கொண்டான். செங்கம்மா நேராகப் பார்த்தாள். தினமும் கட்டுப் பிரித்துக் கட்டியது அவள்தான், பார்க்காமல் எப்படி.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். கீழே இறங்காமல் மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள்.

முதலாளி கணக்குப் பலகையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "ஏம்மா செங்கம்மா, இங்க ஏறி ஒக்காந்துக்கினு கீற. கீழ சிப்பம் காத்துக்கினு கீது."

"சொட்டு நிக்கட்டும் மொதலாளி. எறங்கறேன்."

"பம்புன்னா சொட்டும். ஒன் புருஷனக் கேளு."

"அவர தெனமும் ரெண்டு வேள கேட்டுக்கினுதான் கீறேன்."

கீழே நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருத்தி மேடைமேல் ஏறினாள். பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் செல்லியம்மா ஒருத்தி போக மீதிப் பத்துப் பேரும் மேடையில் இருந்தார்கள். முதலாளி காலை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கவேண்டி வந்தது.

"சர்க்கார்ல சொல்லப் போறீங்களா? எந்த சர்க்கார்ல? எல்ல முடியட்டும். ஏப்ரல் ஆவட்டும். அப்பறம் எவன் வரானோ அவனாண்ட போயி செப்புங்க."

"செல்லி காலு ஏப்ரலுக்கு நிக்கலியே மொதலாளி. ஐப்பசியிலியே வெந்துட்ச்சே."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. சித்தூருக்கு வண்டி வைத்து அனுப்பியது அவர்தான். ஆனால் ஒரு பொம்பளை தன் மேடையில் உட்கார்ந்து பதில் சொல்கிறாள் என்பது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"சொட்டாத பம்பு ஒலகத்துல எங்கனா கீதா? ஒன் புருஷனே செஞ்சி காட்டட்டும். மார்கழி கடசி வரைக்கும் டைம் தரேன். அதுவரைக்கும் எறங்கி வேலயப் பாருங்க. கொப்பர ஒரு தபா வெந்து எறங்கற வரைக்கும் ஒரு சொட்டு விழக் கூடாது. விழலயா, நீ சொல்றத நான் கேக்கறேன். விழுந்துட்ச்சா, இவங்க அல்லாம் வாயத் தொறக்காம கீழயே நிக்கணும். நீயும் ஒன் புருஷனும் நகரிய உட்டு வேற எடம் பாத்துக்கணும். சரேவா?"

"சரிங்க" என்றாள் செங்கம்மா.

கோவர்த்தனன் இரண்டாம் பம்பின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும். களியை உருட்டிப் போட்ட கையோடு செங்கம்மா எதிரே உட்கார்ந்தாள். அவன் களியைப் பிட்டான், வாயில் போடவில்லை.

"என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்ப?"

"ஆவாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல. துன்னு."

"செங்கம்மா, கேளு. தண்டு உள்ள போவணும்னா ஓட்ட வோணும். ஓட்ட இருந்தா ஒழுவும். இது நான் பண்ண சட்டம் இல்ல."

"அப்ப ஓட்ட போடாத."

"ஓட்ட போடலன்னா தண்டு எப்பிடிப் போவும்?"

"அது ஏன் போவணும்? வெளியவே சுத்தட்டும். உள்ள கீறது உள்ளயே சுத்தட்டும்."

"நடுவுல இன்னா, மந்திரமா?"

"பிட்டர் நீ. என்னக் கேட்டா?"

மூலையில் பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த செல்லியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. சொம்பு மோரைத் தாராளமாகப் பிடிக்கிற பெரிய டம்ளர். புரட்டாசிச் சனிக்கிழமை அண்ணியும் நாத்தனாரும் திருப்பதி போனபோது கோவிந்தராஜர் கோயில் தெருவில் ஆளுக்கொன்று வாங்கிப் புள்ளிவைத்துப் பேர் வெட்டிக்கொண்டார்கள். அங்கே பாத்திரக்காரன் ஒவ்வொரு டம்ளர்மேலும் காந்தத்தை வைத்துக் காட்டுவான். ஒட்டாமல் நழுவி விழுந்தால் அசல். ஒட்டினால் வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.

படுத்தே கிடப்பவளுக்குப் பொழுது போக வேண்டாமா. செல்லியம்மா அண்ணன் பெட்டியிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். டம்ளருக்குள் ஒரு சின்ன நட்டைப் போட்டு, வெளியே காந்தத்தை வைத்துச் சுற்றினால் உள்ளே நட்டும் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். நாலு நாளாக இதுதான் அவளுக்கு விளையாட்டு. இப்போதும் கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. கிறுகிறுவென்று சத்தம்.

"சும்மா இரேன் செல்லி, காது கொடயுது" என்றான் கோவர்த்தனன். சொன்னவன் டம்ளரையே பார்த்தான். பிறகு களிக் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய் அவள்முன் குந்தினான்.

"இன்னொரு தபா சுத்து."

சுற்றினாள்.

"டம்ளர்ல தண்ணி ஊத்திச் சுத்து."

ஊற்றிச் சுற்றினாள். நட்டு தண்ணீருக்குள் சுற்றியது. அவன் டம்ளரின் அடியைத் தூக்கித் தடவிப்பார்த்தான். காய்ந்திருந்தது.

"இதுல ஓட்ட இல்லியே" என்றாள் செங்கம்மா பின்னாலிருந்து.

"தெரியுது, தெரியுது" என்று எரிந்து விழுந்தான் அவன். பத்து நாளில் முதல் தடவையாக அவன் தங்கச்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்பது அவனுக்கே அப்போது தெரியவில்லை.

ரேணிகுண்டாவில் பழைய மிலிட்டரி லாரிகளைப் பிரித்து விற்கிற ஷெட்டில் சந்திரன் என்று அவனுடைய சிநேகிதன் ஒருவன் இருந்தான். அந்த லாரிகளில் என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மாக்னெட்டோவுக்குள் நல்ல காந்தக் கட்டிகள் உண்டு. சும்மா கிடந்த பதினாறு கட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொடுத்தான். எட்டுக் கட்டிகளை ஒரு இரும்புக் கிண்ணத்தின் உள்பக்கத்தில் வட்டமாகப் பதித்தான் கோவர்த்தனன். அது வெளிச்சக்கரம். பெல்ட்டு இதைச் சுற்றும். மற்ற எட்டையும் அதைவிடச் சின்ன சக்கரத்தின் வெளிப்பக்கத்தில் பதித்து, காஸ்டிக் தொடாமல் எவர்சில்வர் தகடு சுற்றி மூடினான். அது உள்சக்கரம். அதன் முனையில்தான் காஸ்டிக்கைத் தள்ளுகிற விசிறி. இரண்டுக்கும் நடுவில் டம்ளர். உள்சக்கரம் டம்ளருக்குள்ளே, வெளிச்சக்கரம் டம்ளருக்கு வெளியே. ஒன்றை ஒன்று தொடாது. ஆனால் வெளியே இருப்பது சுற்றினால் உள்ளே இருப்பது இழுபட்டுச் சுற்ற வேண்டும். டம்ளரின் விளிம்பை மட்டும் இரண்டு இரும்பு வளையத்துக்கு நடுவில் வாஷர் வைத்து இறுக்கிவிட்டால் போதும். அது அசையாத இடம், அசையாத இடத்தில் வாஷர் ஒழுகாது.

முதலில் செங்கம்மாவின் டம்ளரைத்தான் கேட்டான். அவள் உள்ளே இருந்த மோரைக் குடித்து முடித்துக் கழுவிக் கொடுத்தாள்.

அதை அவன் கொல்லைப்புறம் வேப்பமரத்தடியில் வைத்து ஒரு பகல் முழுக்க வேலை செய்தான். மார்கழிக் குளிரில் உளி பிடிக்கிற விரல் விறைத்தது. நகரி மலை மூக்கை நீட்டிக்கொண்டு பனிக்குள் நின்றது. உள்சக்கரம் ஆடாமல் சுற்ற அதற்குள் ஓர் அச்சு வேண்டும், அச்சுக்கு இரண்டு பக்கமும் பிடிப்பு வேண்டும். முன்பக்கம் பம்புச் சுவர் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம்? பின்பக்கம் டம்ளரின் அடிதான் இருக்கிறது. பிட்டர் கைக்கு யோசனை எதற்கு. துளைக்கருவியை எடுத்து, டம்ளரின் அடி நடுவில் சரியாகக் குறி வைத்து, பதினாறு வருஷப் பழக்கத்தில் அழகாக ஓர் ஓட்டை போட்டான்.

சுருள் சுருளாக எவர்சில்வர் தூள் விழுந்தது. அவன் அதை ஊதிவிட்டு, ஓட்டை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

செங்கம்மா வந்து பார்த்தபோது அவன் இன்னும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு இது?"

"அச்சுக்கு."

"ஓட்டையே இல்லாத பம்புன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "இந்தக் கையிதான் செங்கம்மா, இதேதான் அன்னிக்கும் இறுக்கிட்ச்சி. தெரிஞ்சிக்கினே இறுக்கிட்ச்சி" என்றான்.

"அன்னிக்கி அவரு சொன்னாரு, இறுக்கின. இன்னிக்கி எவனும் சொல்லல, நீயே போட்ட. இனிமே நீ செய்யறதுக்கு மின்னாடி அரை வெத்தலை போட்டு நெதானமா யோசிச்சிட்டு செய்யி."

இரண்டாவது டம்ளர் செல்லியம்மாவுடையது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். அடியில் புள்ளிபுள்ளியாக அவள் பேர்.

"ஓட்ட போட்டீன்னா ஜென்மத்துக்கும் ஒன்னோட பேச மாட்டேன் அண்ணா."

"போட மாட்டேன்."

"சத்தியமா?"

அவன் கீழே குனிந்து, கட்டுப் பிரித்துவிட்டிருந்த அந்த வலது காலின் பாதத்தில் கை வைத்தான். "சத்தியமா."

இந்தத் தடவை அச்சை முன்சுவரிலேயே முளைக்குச்சி மாதிரி அசையாமல் நிறுத்தினான். உள்சக்கரம் அதைச் சுற்றியே ஓட வேண்டியது. நடுவில் உரசுகிற இடத்துக்குப் பெரிய மோட்டாரின் தேய்ந்த கார்பன் கட்டையைக் கடைந்து வளையமாகப் போட்டான். எண்ணெய் வேண்டாம், உள்ளே ஓடுகிற காஸ்டிக்கே அதற்கு எண்ணெய். காஸ்டிக் இல்லாமல் வெறுமனே ஓட்டினால் மட்டும் கார்பன் சூடேறிப் பொடிந்துபோகும். ஆகவே முதலில் நிரப்பு, அப்புறம் ஓட்டு என்று சுண்ணாம்புக் கட்டியால் பம்பின்மேலேயே எழுதினான்.

மார்கழி இருபத்தேழாம் தேதி காலை அதைக் கொட்டகையில் மூன்றாம் பம்பின் இடத்திலேயே வைத்துப் பூட்டினார்கள். செல்லியம்மா ஒரு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து அரைத்த மஞ்சளை வாழை இலையில் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். செங்கம்மா சொல்லி வைத்திருந்தாள். பழைய நாலு பம்புக்கும் புதுப் பம்புக்கும் அடியில் கல் தரையைக் கழுவித் துடைத்து, பாய் அகலத்துக்கு மஞ்சளை மெழுகினார்கள்.

மேடையிலிருந்து முதலாளி பார்த்தார். "இன்னாம்மா, பூசையா?"

"சாட்சிங்க. கண்ணு அசந்துடும் மொதலாளி. மஞ்ச அசராது."

பம்பில் காஸ்டிக்கை நிரப்பினான் கோவர்த்தனன். என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேலே நீளத் தண்டு சுற்ற, அதிலிருந்து தொங்கிய பெல்ட்டுகள் வெறும் சக்கரத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. மேஸ்திரி சின்னப்பன் வழக்கம்போல வந்தான், பழைய நாலு பம்பையும் ஓடவிட்டான், வழக்கம்போலக் கட்டையால் புதுப் பம்பின் பெல்ட்டையும் ஒரே தள்ளாகப் பம்புச் சக்கரத்தின்மேல் தள்ளினான். கடகடவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். வெளிச்சக்கரம் சுற்றியது, உள்சக்கரம் நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டது. கொப்பரைக்கு ஒரு துளி ஏறவில்லை.

சின்னப்பன் பெல்ட்டை இழுத்துவிட்டு மறுபடி தள்ளினான். மறுபடி கடகட.

"சொட்டல, நெசந்தான்" என்றார் முதலாளி. "தண்ணியே வரலன்னா எங்க இருந்து சொட்டும்?" மேடையோரம் நின்ற நாலு ஆம்பளைகள் சிரித்தார்கள். கோவர்த்தனனின் முகம் செத்துவிட்டது. காந்தத்துக்குப் பலம் போதாது என்று அவன் முடிவு கட்டிவிட்டான். குளிரில் காஸ்டிக் கெட்டியாகிவிட்டது, இன்னும் எட்டுக் கட்டி வேண்டும், இன்னும் ஒரு மாசம் வேண்டும். நகரியை விட்டுப் போவதாக இருந்தால் பிச்சாட்டூர் போகலாமா, புத்தூர் போகலாமா என்றுகூட மனசு ஓடிவிட்டது.

செங்கம்மா சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். இந்தக் கொட்டகைக்கு வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ராட்டையில் நூல் சுற்றியவள் அவள். வேகமாக ஓடுகிற ராட்டையில் நின்ற நூலைக் கோத்து வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துபோகும். எந்த நூலும் அறும். அதுவே மெதுவாகக் கொடுத்து, நூல் சுழற்சியைப் பிடித்துக்கொண்டதும் வேகம் கூட்டினால் எத்தனை மெல்லிய நூலும் தாங்கும்.

அவள் போய்ச் சின்னப்பன் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டாள்.

"ஏய், பெல்ட்டு வேல பொம்பளைக்கி இல்ல."

"சிப்பம் தூக்கறது மட்டும் பொம்பளைக்கா? நவுரு மேஸ்திரி."

பெல்ட்டைத் தள்ளாமல் விரல் அகலம் நகர்த்தினாள். பெல்ட்டின் விளிம்பு மட்டும் பம்புச் சக்கரத்தில் பட்டு உரசியது. வெளிச்சக்கரம் சோம்பலாகத் திரும்பியது. டம்ளருக்குள்ளே ஏதோ அசைந்து கூடவே வந்தது. இன்னும் ஒரு விரல். கூடவே வந்தது. அவள் கட்டையைப் பிடித்த கையில் அந்த இழுப்பு தெரிந்தது, நூலில் தெரிகிற அதே இழுப்பு. பெல்ட்டு முழுசாக ஏறி உட்கார அவள் எடுத்துக்கொண்டது ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான். கடகட இல்லை. கொப்பரையின் மேல்குழாயில் முதலில் காற்று செருமியது, பிறகு காஸ்டிக் கொட்டியது.

பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

நூல் வேகப் பொழுது சாயும். அதுவரை எல்லோரும் இருந்தார்கள். மத்தியானம் தூக்குச் சட்டிகளைத் திறந்து, வாசலில் குந்தி, பச்சைமிளகாயைக் கடித்துக் கூழ் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தார்கள். பழைய நாலு பம்புக்கு அடியில் முதல் மணி நேரத்திலேயே சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் சேர்ந்து வட்டமாயின, வட்டங்கள் சேர்ந்து மத்தியானத்துக்குள் நாலு கல்லும் குங்குமத்தைக் கரைத்துக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டன. தினமும் அங்கே விழுந்துகொண்டிருந்ததுதான். வெள்ளைத் தண்ணீராக இருந்ததால் இத்தனை வருஷம் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் பம்பின் அடியில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சாயங்காலம் கொப்பரை இறங்கும்போதும் அப்படியே இருந்தது. ஓரம் காய்ந்து லேசாக வெடித்திருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி மேடை விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டிய அளவுக்கு மேலேயே பார்த்தார். "பாகா செஞ்சிட்டான்பா, நல்லாவே செஞ்சிட்டான்" என்று மனசாரத்தான் சொன்னார். "சரே. இந்த ஒண்ணு இருக்கட்டும். மத்ததயும் மெல்லப் பாத்துக்கலாம். எல்லயும் முடியட்டும், ஏப்ரல் ஆவட்டும். நாளையிலேந்து அல்லாரும் பழையபடி கீழ எறங்குங்க."

"நான் சொல்றதக் கேக்கறேன்னு சொன்னீங்களே மொதலாளி."

"சொல்லு."

"நீங்க எறங்குங்க."

"இன்னா?"

"மேடைய உட்டு எறங்கி, இந்த மஞ்ச மேல நில்லுங்க. வேற ஒண்ணியும் கேக்கல."

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதலாளி இறங்கினார். கொட்டகைக்குச் சொந்தக்காரராகி இருபது வருஷத்தில் அவர் கால் அந்தக் கல்லில் பட்டது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு சின்னப்பனே சொன்னான். மூன்றாம் பம்பின் பக்கத்தில் மஞ்சள்மேல் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. அவர் முகத்தில் சின்னப் பெருமைகூட வந்தது.

"நின்னுட்டேன். போதுமா?"

"போதும்ங்க. இப்ப அப்பிடியே அந்த நாலாண்டயும் போயி ஒரு அரை நாழி நின்னுட்டு வாங்க. அங்கதான நாங்க நிக்கறோம்."

முதலாளி சிவந்த கற்களைப் பார்த்தார். பக்கத்துப் பம்பில் கிளாண்டிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழுந்தது. வாசற்படியிலிருந்து செல்லியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில்லாத வலது காலை அவள் மறைக்கவில்லை. அவர் ஓரடி எடுத்து வைத்தார் என்றும் சொல்வார்கள், வைக்கவில்லை என்றும் சொல்வார்கள். கடைசியில் திரும்பி மேடைமேல் ஏறினார். காய்ந்த மேடையில் இரண்டு மஞ்சள் பாதம் பதிந்தது.

"அப்ப நாங்களும் மேலயே கீறோம்" என்றாள் செங்கம்மா.

முதலில் செல்லியம்மாதான் வந்தாள். கழியை ஊன்றி, ஒருத்தி கை கொடுக்க, மேடையேறி அந்த மஞ்சள் பாதங்களின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக மீதிப் பத்துப் பேரும் ஏறினார்கள். அவர்கள் கீழே தொங்கவிட்ட காலோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். வெந்து இறங்கிய நூல் கொப்பரையில் ஆவி பறக்கக் கிடந்தது. விடிவதற்குள் அதை எடுத்து அலசாவிட்டால் பழுப்பேறிவிடும் என்பது முதலாளிக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இறங்குகிறேன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. சின்னப்பன்கூடக் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

முதலாளி ஆவி பறக்கிற கொப்பரையைப் பார்த்தார். பிறகு பெண்களைப் பார்க்காமல், தூரத்தில் நின்ற கோவர்த்தனனைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தினி டம்ளர் வோணும்?"

கோவர்த்தனன் பழைய பம்புகளைக் கண்ணால் எண்ணினான். "நாலுங்க."

"அஞ்சு" என்றாள் செங்கம்மா. "பம்புக்கு நாலு. செல்லியோடத அவளுக்குத் திருப்பித் தரணும். நாளைக்கே திருப்பதிக்கு ஆள அனுப்புங்க மொதலாளி. காந்தம் வெச்சிப் பாத்து வாங்கச் சொல்லுங்க. ஒண்ணுல மட்டும் அவ பேரு போடணும்."